ஒரு ராத்திரி கணக்கு

வொயின் என்றதும் பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் இருங்கள். இது குடிக்கச் சொல்லும் சமாசாரம் இல்லை. அடியேன் பி.காம். இதில் எனக்கு ருசிப்பது லாப நஷ்டம்தான்.

பாரிஸுக்குத் தென்கிழக்கே, ஸெரேன் என்கிற சின்ன ஆற்றங்கரையில் ஷப்ளி என்று ஒரு ஊர். ஊர் பெயரேதான் வொயினுக்கும். போடுவது ஒரே ஜாதித் திராட்சை, ஷார்டனே. இதே ஷார்டனேயை கலிஃபோர்னியா வெயிலில் வளர்த்தால் பழம் நன்றாகக் கனியும். சர்க்கரை ஏறும், கூடவே ஆல்கஹாலும். புது ஓக் பீப்பாயில் வைத்து வனிலா வாசனை வேறு. ஷப்ளி குளிர்ப் பிரதேசம். பழம் சாவகாசமாகத்தான் பழுக்கும், புளிப்பு முழுசாகப் போகாது. பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி இருக்கும் என்கிறார்கள். புளி தூக்கலாக இருந்தால் குழம்பை ஒதுக்குகிறோம், அங்கே அந்தப் புளிப்புக்குத்தான் காசு!

மண்ணும் விசேஷம். 15 கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் தரை. கமா மாதிரி வளைந்த குட்டிச் சிப்பிகள் கல்லில் அப்படியே கிடக்கின்றன. அந்த மண்ணுக்கு 'கிம்மரிட்ஜியன்' என்று பெயர். கிம்மரிட்ஜ் என்பது இங்கிலாந்து கிராமம். பிரெஞ்சுக்காரர்கள் இதை எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறார்களோ!

விஷயம் ஏப்ரலில்தான் இருக்கிறது. கொடியில் மொட்டு விடும் நேரம். ஒரு ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே நாலைந்து டிகிரி போனால் போதும், அந்த வருஷ வரவு செலவில் வரவு காலி. பயிரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி, ரயிலில் பாரிஸுக்கு வந்து இறங்கிய மலிவான தெற்கத்தி வொயின், யுத்தம், மேலே பனி. எல்லாம் சேர்ந்து 1950-களில் தோட்டம் மொத்தமே சுமார் 500 ஹெக்டேருக்குச் சுருங்கிவிட்டது. இன்றைக்கு 5,000-க்கும் மேல்.

பிழைத்தது எப்படி? ராத்திரி பூராவும் வரிசை வரிசையாக அடுப்பு மூட்டுகிறார்கள், மெழுகு வாளி கொளுத்துகிறார்கள். இன்னொரு வழி கேட்டால் சிரிப்பீர்கள். பனிக்கு பயந்து கொடியின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள்! தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை விடுகிறது. அதனால் ஐஸுக்குள்ளே மொட்டு பூஜ்யத்தை ஒட்டியே பத்திரமாக இருக்கும். ஆனால் தெளிப்பதை நடுவில் நிறுத்தக் கூடாது. விடிகாலை மூணு மணிக்கு பம்ப் மக்கர் பண்ணினால், தெளிக்காமலே இருந்திருக்கலாம் என்கிற கதிதான்.

2021-ல் மார்ச் கடைசியில் வெயில் அடித்தது. ஏமாந்த கொடிகள் அவசரமாகத் துளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரம் கடும் பனி. குன்று முழுக்க தீபாவளி மாதிரி நெருப்பு. படம் பிடித்து உலகமே ரசித்தது. தோட்டக்காரருக்கு அது எரிகிற பணம். இன்ஷூரன்ஸ் எல்லோரிடமும் இல்லை. பூமி சூடாகிறதே, பனி குறையுமே என்றால், துளிர் முந்திக்கொள்வதால் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

விடிந்ததும் அவர் செய்கிற ஆடிட் ரொம்ப சிம்பிள். ஒரு மொட்டைக் கிள்ளி நகத்தால் பிளந்து பார்ப்பார். உள்ளே பச்சையாக இருந்தால் பிழைத்தது. பழுப்பாக இருந்தால் அடுத்த கொடிக்குப் போவார்.