மன்னார் மணலும் நம் மலை மண்ணும்

மன்னார் நமக்கு அந்நிய ஊர் அல்ல. கோப்பிக் காலத்தில் நம் பாட்டன் பாட்டிகளில் எத்தனையோ பேர் தோணியில் வந்து கால் வைத்தது அந்தக் கரையில்தான். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்த நினைவாகத்தான் 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது.

இன்று அந்தக் கரை மக்கள் தங்கள் மண்ணைக் காக்கப் போராடுகிறார்கள். மன்னார்த் தீவின் மணலில் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது. பெயின்ட் செய்ய உதவும் அதை அள்ளி எடுக்க வெளிநாட்டுக் கம்பனி துளையிட்டுப் பார்த்திருக்கிறது. அந்த மணல்தான் தீவின் தண்ணீர்த் தொட்டி. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கிணறுகளுக்கு வருவது அந்த நீர். மணலைத் தோண்டினால் கிணறு உப்பாகும், தாழ்ந்த தீவுக்குள் கடலும் ஏறும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள்.

அடுத்தது காற்றாலை. 2020இல் திறந்த தம்பபவனியில் 30 காற்றாடிகள் உள்ளன. தீவுக்குள் இன்னும் வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்திப் பேசச் சொன்னார். ஆனால் அடுத்த மாதமே வேலை தொடரும் என்ற முடிவு வந்தது. மறுபடியும் மக்கள் வீதிக்கு வந்தார்கள்.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் லயங்களுக்கும் அது வேண்டும். ஆனால் எங்கே, எப்படி என்று தீர்மானிக்கும்போது அங்கே வாழும் மீனவரையும் பனை ஏறுபவரையும் கேட்காமல் எடுத்த முடிவு நியாயமான முடிவாகாது.

"நமக்கு இருக்கிற சம்பளப் பிரச்சினை போதாதா?" என்று சிலர் கேட்கலாம். மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. போக இடம் எங்கே? சொந்தக் காணி இல்லாதவனுக்கு எச்சரிக்கை வெறும் கடிதம்தான்.

மன்னாருக்கும் நமக்கும் உள்ள உறவு இதுதான். மண்ணை நன்றாக அறிந்தவர்கள் அதில் வாழ்பவர்கள். ஆனால் அந்த மண்ணைப் பற்றிய முடிவு அவர்கள் கையில் இல்லை. கரையில் அது மணல், இங்கே அது சரிவு.

ஆகவே தோட்டக் கமிட்டிகள் இந்த மாதக் கூட்டத்தில் மூன்று காரியங்களை எடுத்துப் பேச வேண்டும்.

முதலாவது, மன்னார் மக்களின் சம்மதமில்லாமல் மணல் அகழக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவோம்.

இரண்டாவது, நம் பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஊற்றுக்கு மேலே உள்ள மரங்களை வெட்ட விடாமல் காப்போம். நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று கண்டால் உடனே கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லி, எழுத்திலும் கொடுப்போம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை அழைக்கச் சொல்வோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இந்த அடையாளங்களைச் சொல்லிக் கொடுப்போம்.

மூன்றாவது, பாதுகாப்பான இடத்தில் வீட்டுக் காணி, அதற்கு உறுதி. இந்தக் கோரிக்கையைச் சம்பளப் பேச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்க வேண்டாம்.

இருநூறு வருடமாக இந்த மலையைக் கொத்தி, நட்டு, காடாக இருந்ததைத் தோட்டமாக்கியவர்கள் நாம். அதைக் காக்கும் உரிமையும் நமக்கு வேண்டும். கரையில் உள்ளவர்களுக்கும் அதே உரிமைதான்.