தாத்தாவின் டைரி கோழிக்கிறுக்கல் அல்ல



கொஞ்ச நாளாக எனக்கு ஒரே மாதிரிப் படங்கள் வருகின்றன. “சார், தாத்தாவோட டைரி. ஒரே கோழிக்கிறுக்கல். பழைய பேப்பருக்குப் போட்டுடலாமா?”

போடாதீர்கள். அவருக்கு எழுதத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் பலர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதுவார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. லை, னை, ணா, றா எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருக்கும். சீர்திருத்தத்தை நான் குறை சொல்லவில்லை. பழையதைப் படிக்கவே வேண்டாம் என்று அது சொல்லவில்லையே!

ஒரு வீட்டில் ‘௹ ௨௰’ என்று இருந்ததை ‘உய’ என்று படித்து, யாரோ ஒருவரின் பெயர்ச்சுருக்கம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது இருபது ரூபாய், ஐயா! ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம். ‘சர்வசித்து ௵’ என்றால் 1947 ஏப்ரல் முதல் 1948 ஏப்ரல் வரை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால், 1887-ஆ 1947-ஆ என்பதை உள்ளே இருக்கும் செய்தியை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

“செல்போன் ஆப் படித்துத் தந்துவிடும் சார்” என்கிறீர்கள். புரியாத இடத்திலும் புரிந்ததுபோல அது ஒரு சொல்லைப் போட்டுவிடும். உங்கள் பெரிய அத்தையின் பெயரும் குலதெய்வம் இருக்கும் ஊரும் அதற்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பெயர்களை முதலில் தேடுங்கள். அவற்றில் வரும் எழுத்துகளை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு மற்ற வரிகளுக்குப் போங்கள். வாய்விட்டுப் படியுங்கள்; கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். தெரியாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினசரி இல்லாவிட்டால், துய்ப்ளேக்ஸ் காலத்தை ஒரு தமிழர் எப்படிப் பார்த்தார் என்பது நமக்குத் தெரிந்திருக்குமா? “எங்க தாத்தா அவ்வளவு பெரிய ஆள் இல்லையே” என்பீர்கள். சரி. ஆனால் நெல் என்ன விலை விற்றது, எந்தக் குழந்தை எந்தக் காய்ச்சலில் போனது, நிலத்தை யாரிடம் ஏன் விற்றார்கள் என்று உங்கள் குடும்பத்துக்காக எழுதிவைத்த ஒரே ஆள் அவர்தான்.

இந்த எழுத்தைத் தடையில்லாமல் படிக்கக்கூடியவர்கள் இன்று எண்பது, தொண்ணூறு வயதில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். டைரியைக் காத்து வைத்து அவர்களை விட்டுவிட்டால் பாதி போய்விடும். இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் படிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள்.

சிக்கிய வரிகளை எனக்கு அனுப்புங்கள். கண் தெரிகிறவரை படித்துச் சொல்கிறேன்.