அண்ணிக்கு எதுக்குய்யா இன்னொரு டிகிரி?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. ஆணி அதிகம். இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன், ஆனா போன சனிக்கிழமை ஒரு வீட்டுல பார்த்த விண்ணப்பம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எழுதித் தொலைச்சாதான் தூக்கம் வரும்.

எங்க டீம்ல ஒரு அண்ணன். மதுரைக்காரர், சன்னிவேல்ல குடியிருக்கார். தோசைக்குக் கூப்பிட்டாரேன்னு போனா, மேசை மேல தோசைக்கு முன்னாடி லேப்டாப் வருது. "தம்பி, உங்க அண்ணி ஆன்லைன்ல பேச்சிலர் டிகிரி சேரப் போறா. பாராலீகல் ஸ்டடீஸ். தவணை ஒப்பந்தம் சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாரு"ன்னார். மொத்தம் 120 கிரெடிட். ஒரு கிரெடிட் முன்னூத்திச் சொச்சம் டாலர். பெருக்கினா நாற்பதாயிரத்தைத் தொடுது. நாலு வருஷம்.

அண்ணி யாருன்னு சொல்லணுமே. திருச்சியில பி.காம். சென்னையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அஞ்சு வருஷம் வேலை. கல்யாணம், எச்-4 விசா, குழந்தை. இப்பதான் வேலை பார்க்கிற அனுமதி அட்டை கைக்கு வந்திருக்கு. ஏற்கெனவே பட்டமும் அனுபவமும் இருக்கிற ஒரு மனுஷியை மறுபடியும் முதல் வருஷ இங்கிலீஷ் கட்டுரை வகுப்பிலேருந்து ஆரம்பிக்கச் சொல்லுது அந்தக் காலேஜ். அண்ணனுக்கு அது தப்பாவே தெரியல. "ஏதோ ஒண்ணு படிக்கட்டும்பா, வீட்டுலயே சும்மாதானே இருக்கா"ன்றார். சட்டினி கசந்துபோச்சு எனக்கு.

முதல்ல பாராலீகல்னா என்னன்னு பார்ப்போம். நம்மள்ல எச்-1பி-ல வந்த அத்தனை பேருக்கும் ஒரு பாராலீகலைத் தெரியும். பேர்தான் ஞாபகம் இருக்காது. "உங்க டிகிரி சர்டிபிகேட்டோட ஸ்கேன் தெளிவா இல்லை, மறுபடி அனுப்புங்க", "மூணாவது பக்கத்துல கையெழுத்து விட்டுப்போச்சு"ன்னு மெயில் போடுவாங்களே, அவங்கதான். நம்ம மனுவைப் பெரும்பாலும் தயார் பண்றது அவங்க. அட்டர்னி கடைசியில படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். "நான் கம்பெனி மாறலாமா?"ன்னு கேட்டா, "அதை அட்டர்னிகிட்ட கேளுங்க"ன்னு பதில் வரும். நாம கடுப்பாயிடுவோம். ஆனா அது மழுப்பல் இல்லை மக்கா, சட்டம். பாராலீகல் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது, வாதாடக்கூடாது, பீஸ் எவ்வளவுன்னு தீர்மானிக்கக்கூடாது. மீறினா உரிமம் இல்லாம வக்கீல் தொழில் பண்ணதா ஆயிடும்.

நம்ம ஊர்ல இதுக்குக் கிட்டத்தட்ட வக்கீல் குமாஸ்தான்னு சொல்லலாம். இங்க பாராலீகல் செய்யறது அதைவிட ஜாஸ்தி. தீர்ப்பு தேடுறது, மனு வரைவு, ஆவணம் பிரிச்சு அடுக்குறது எல்லாம் உண்டு. 1989-ல மிசௌரி எதிர் ஜென்கின்ஸ் வழக்குல, தோத்த தரப்பு கட்ட வேண்டிய வக்கீல் செலவைக் கணக்குப் போடும்போது பாராலீகல் உழைச்ச நேரத்தையும் சந்தை விலையிலேயே சேர்த்துக்கலாம்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அந்த மணிக்கணக்குக்கு அப்படி ஒரு மதிப்பு. 2023 மே மாத அரசுக் கணக்குப்படி பாராலீகல்களோட இடைநிலைச் சம்பளம் வருஷத்துக்கு 60,970 டாலர். பொட்டி தட்டுற நம்ம சம்பளத்தோட ஒப்பிட்டு "ப்ச்" கொட்டுற ஆசாமிகளுக்கு: ஆறு வருஷமா சொந்தமா ஒரு ரூபாய் சம்பாதிக்க முடியாம இருந்த ஒருத்தர்கிட்ட போய் அந்த "ப்ச்"சைக் கொட்டிப் பாருங்க.

ஆக, வேலை மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. என் சண்டை அந்த 120 கிரெடிட்டோட.

இந்த வேலைக்கு பேச்சிலர் டிகிரி வேணும்னு யார் சொன்னா? வக்கீலுக்குக் கீழே வேலை பார்க்கிற சாதாரண பாராலீகலுக்கு அமெரிக்காவுல எந்த மாநிலமும் உரிமம் கேட்கிறதில்லை. தொழிலாளர் புள்ளிவிவரத் துறையே இந்த வேலைக்கு வழக்கமான நுழைவுத் தகுதின்னு அசோசியேட் டிகிரியைத்தான், அதாவது ரெண்டு வருஷப் படிப்பைத்தான், போட்டிருக்கு. பாராலீகல்னு யார் சொல்லிக்கலாம்னு சட்டமே போட்டு வச்சிருக்கிற மாநிலம் கலிபோர்னியா. அங்கேயும் என்ன கேட்குது? அமெரிக்கன் பார் அசோசியேஷன் ஒப்புதல் பெற்ற பாராலீகல் படிப்பு ஒண்ணு முடிச்ச சான்றிதழ். இல்லைன்னா, முறையான அங்கீகாரம் உள்ள ஒரு இடத்துல குறைஞ்சது 24 செமஸ்டர் யூனிட் சட்டப் பாடம் கொண்ட படிப்பு. இல்லைன்னா, எந்தப் பாடத்துலயாவது ஒரு பட்டம், கூட ஒரு வக்கீல்கிட்ட ஒரு வருஷ அனுபவம், அதுக்கு அவரோட எழுத்துச் சான்று. எந்தப் பாடத்துலயாவது! பி.காம் கூடத்தான். நாலா என்கிற தேசிய அமைப்போட சான்றிதழ் பரீட்சைக்கும் இதே கதைதான், எந்தப் பட்டமா இருந்தாலும் சரி, ஒரு வருஷ அனுபவம் சேர்ந்தா உட்காரலாம்.

இப்ப கணக்குக்கு வருவோம் (நமக்கு அதுதானே வரும்). கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்ல, மாநிலத்துல குடியிருக்கிறவங்களுக்கு ஒரு யூனிட் 46 டாலர். 2012-லேருந்து அதே விலை. 24 யூனிட்டுக்கு 1,104 டாலர். படிப்பு இன்னும் கொஞ்சம் யூனிட் கேட்டாலும் ரெண்டாயிரத்தைத் தாண்டாது, புத்தகச் செலவு தனி. அந்தப் பக்கம் நாற்பதாயிரம். நடுவுல இருக்கிற முப்பத்தெட்டாயிரம் எதுக்குன்னு அந்தக் காலேஜ் ஆலோசகர்கிட்ட கேட்டா "பட்டதாரின்னா மதிப்பு வேற மேடம்"ன்றார். மதிப்பு வேறயாம். அவருக்கு வேலையே ஆள் சேர்க்கிறது, வேற என்ன சொல்வார்?

நியாயமா ஒரு சிக்கலையும் சொல்லிடறேன், இல்லைன்னா பின்னூட்டத்துல வந்து கும்முவீங்க. நம்ம பி.காம் மூணு வருஷம், இங்க பட்டம் நாலு வருஷம். வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடுற நிறுவனங்கள்ல சிலது மூணு வருஷத்தை முழுப் பட்டமா ஏத்துக்கும், சிலது ஏத்துக்காது. அந்த ஆலோசகர் பிடிச்ச நூல் இதுதான். "உங்க டிகிரி இங்க செல்லாது மேடம்"னு ஒரே போடு. சரி, முழுசா ஏத்துக்கலன்னே வைங்க. மூணு வருஷம் படிச்சது காத்துலயா போகும்? அதைக் கிரெடிட்டா மாத்திக் கழிச்சுக்கலாம். சான்றிதழ் படிப்பு போதும்னா அதுக்கும் அவசியம் இருக்காது. இது எதையும் அந்த ஆள் வாயைத் திறந்து சொல்லல. பூஜ்யத்துலேருந்து 120-ன்னு பாரத்தை அனுப்பிட்டார்.

இன்னொரு வார்த்தை விளையாட்டு. அண்ணியை விட்டு "உங்க பாராலீகல் படிப்புக்கு அமெரிக்கன் பார் அசோசியேஷன் ஒப்புதல் உண்டா?"ன்னு சாட்ல கேட்கச் சொன்னேன். "நாங்கள் முழு அங்கீகாரம் பெற்ற கல்லூரி"ன்னு பதில் வருது. கேட்டது ஒண்ணு, சொன்னது வேற. காலேஜுக்கு அங்கீகாரம் கொடுக்கிற அமைப்பு வேற, பாராலீகல் படிப்புக்கு ஒப்புதல் கொடுக்கிற பார் அசோசியேஷன் வேற. ஒப்புதல் கட்டாயம் இல்லைதான், ஆனா அதைப் பார்த்து ஆள் எடுக்கிற வக்கீல் ஆபீஸ்கள் இருக்கு. மூணு தடவை கேட்டோம். மூணு தடவையும் அதே வரி. ரோபோவா மனுஷனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

ஆன்லைன்னாலே ஏமாத்துன்னு சொல்ல வரல. அந்த மேட்டிமைத்தனமும் எனக்குப் பிடிக்காது. நாமெல்லாம் பாதித் தொழிலை ஆன்லைன்லதான் கத்துக்கிட்டோம். எந்தப் பட்டமும் இல்லாம, ஏற்கெனவே வக்கீல் ஆபீஸ்ல வேலை பார்த்துக்கிட்டு, பதவி உயர்வுக்குப் பட்டம் வேணும்னு நிக்கிற ஒருத்தருக்கு, ராத்திரி குழந்தையைத் தூங்க வச்சுட்டுப் படிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனா இந்த ஊர்ல இந்த வியாபாரத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கு. கொரிந்தியன்னு ஒரு காலேஜ் நிறுவனம், எவரெஸ்ட் என்கிற பேர்ல கடை கடையா நடத்துச்சு, பாராலீகலும் அதில் ஒரு சரக்கு. இத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தோம்னு புளுகுச்சுன்னு 2013-ல கலிபோர்னியா அரசு வழக்குப் போட்டுச்சு. போட்டவர் அப்போ அட்டர்னி ஜெனரலா இருந்த கமலா ஹாரிஸ் (நம்ம மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்துத் தாத்தாவோட பேத்தி). 2015-ல நிறுவனம் இழுத்து மூடிட்டாங்க. 2022-ல அங்கே படிச்ச 5,60,000 பேரோட 580 கோடி டாலர் கடனை அரசே தள்ளுபடி பண்ணுச்சு. அது அரசாங்கக் கடன், அதனால தள்ளுபடி. எச்-4-காரங்களுக்கு அந்தக் கடனே கிடைக்காது. அண்ணி கட்டப்போறது அண்ணன் சம்பளத்துலேருந்து. நாளைக்கு யார் தள்ளுபடி பண்ணுவா?

விசா விஷயத்துல ஒரு வேடிக்கை கேளுங்க. "பேச்சிலர் முடிச்சா எச்-1பி-யே வாங்கிடலாம்"னு அண்ணன் நினைச்சுக்கிட்டு இருந்தார். எச்-1பி-க்கு, அந்த வேலைக்குக் குறிப்பிட்ட ஒரு துறையில பட்டம் இருந்தே ஆகணும்னு நிரூபிக்கணும். பாராலீகலுக்கு ரெண்டு வருஷப் படிப்பே போதும்னு அரசாங்க நூலே சொல்லுது, அதைக் காட்டித்தான் குடியேற்றத் துறை பெரும்பாலும் மறுக்குது. நாற்பதாயிரம் செலவு பண்ணி வாங்கின காகிதத்தை, அது தேவையே இல்லைன்னு அரசு சொல்ற இடம் இது. அண்ணன் ரெண்டு நிமிஷம் பேசல.

"இனி எல்லாத்தையும் ஏ.ஐ பண்ணிடும், பாராலீகலே இருக்காது"ன்னு ஒரு கோஷ்டி வரும். நம்மாளுங்கதான். 2023-ல நியூயார்க்ல, சாட்ஜிபிடி கற்பனையா உண்டாக்கின தீர்ப்புகளை அப்படியே கோர்ட்ல தாக்கல் பண்ண வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்துச்சு. மேற்கோள் காட்டின ஒவ்வொரு தீர்ப்பும் நிஜமா இருக்கான்னு எடுத்துப் பார்க்கிறது பாராலீகல் வேலைகள்ல ஒண்ணு. ஆடிட்டர் ஆபீஸ்ல அஞ்சு வருஷம் வவுச்சரை ஒண்ணொண்ணா டிக் அடிச்ச அண்ணியைவிட அதுக்குப் பொருத்தமான ஆள் யாருன்னு நீங்களே சொல்லுங்க.

எனக்கு நிஜமான கோபம் அந்தக் காலேஜ் மேலகூட இல்லை. வியாபாரி வியாபாரம் பண்றான். நம்ம ஆம்பிளைங்க மேல. ஒரு ஃபோன் வாங்க பத்து ரிவ்யூ படிக்கிறோம். கார் வாங்க எக்செல் ஷீட் போடுறோம். வீட்டுல இருக்கிற பொம்பளையோட நாலு வருஷத்தை ஒரு விளம்பரத்தை நம்பிக் கொடுக்கிறோம், கேட்டா "சும்மாதானே இருக்கா". அவங்க சும்மா இருக்கல அண்ணே, விசா அவங்களைச் சும்மா இருக்க வச்சுது. உங்க விசாவோட ஒட்டின விசா.

இதை நேர்லயே சொல்லிட்டேன். அதனால அண்ணன் இப்ப ஆபீஸ்ல என்னைப் பார்த்தா காபி மெஷின் பக்கமே வர்றதில்லை. அந்த ஆலோசகர் திங்கக்கிழமையிலேருந்து ஏழு தடவை ஃபோன் பண்ணியிருக்காராம், "இந்த வாரம் சேர்ந்தா விண்ணப்பக் கட்டணம் இலவசம்"னு. அண்ணி நேத்து வாட்ஸ்அப்ல கேட்டாங்க: "தம்பி, கம்யூனிட்டி காலேஜ்ல ஒரு வருஷமா இங்கதான் குடியிருக்கோம்னு சான்று கேட்கிறாங்க. வாடகை ஒப்பந்தம் உங்க அண்ணன் பேர்ல மட்டும்தான் இருக்கு, என்ன பண்ண?"

வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், சேர்ந்து போட்ட வரிக் கணக்குன்னு அவங்க பேர்ல இருக்கிறதை எல்லாம் தேடி எடுக்கச் சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: பாராலீகலா வேலை பார்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, முதல் வேலை எப்படிக் கிடைச்சுதுன்னு பின்னூட்டத்துல போடுங்க. அண்ணிக்கு அப்படியே அனுப்பி வைக்கிறேன்.