குறைந்த சூடும் காவற்பொருளும்

சூடு மிகுந்தால் வேலை விரையும் என்பது உலகோர் எண்ணம். மிகுந்த சூடு பொருளைக் கெடுத்தலும் உண்டன்றோ? முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையை நம்மிற் பலர் அறிவர். கருப்பஞ்சாற்றை வெறுந்தீயில் வற்றக் காய்ச்சின் அது கருகும். ஆதலின் சர்க்கரை ஆலைகளில் மூடிய கலத்தினின்று காற்றை வாங்கி, நூறு டிகிரிக்கு வெகு கீழான சூட்டிலேயே பாகினைக் கொதிக்கச் செய்கின்றனர். எரிபொருள் மிஞ்சுகின்றது, சர்க்கரையும் நிறங்கெடுவதில்லை. இவ்வறிவு பூச்சுத் தொழிலிலும் பரவவேண்டும் என்பதும், அங்கே சூட்டளவு ஒன்றையே நோக்குதல் போதாது என்பதும் எம் கருத்து.

அவ்வூர் வழியே செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் எண்ணிறந்த மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் இரும்புக்கூடு துருப்பிடியாதபடி இடப்படும் அடிப்பூச்சை இறுகச் செய்வது பெரும்பாலும் ஐசோசயனேட்டு என்னும் இனத்துப் பொருளாகும். ஐசோசயனேட்டையும் ஆல்ககால் இனத்துப் பொருளையும் இணைத்துப் பாலியூரிதேன் ஆக்கும் முறையை 1937-இல் ஜெர்மானியராகிய ஆட்டோ பேயர் என்பாரும் அவர்தம் துணைவரும் கண்டனர். ஐசோசயனேட்டோ பொறுமையற்றது, துணைப்பொருளைக் கலந்தவுடன் இறுகத் தொடங்கும், காற்றின் ஈரத்தோடும் கூடிக் கெடும். ஆகவே வேறொரு பொருளால் அதனைக் கட்டிவைக்கின்றனர். இதனை யாம் காவற்பொருள் என்போம். பூச்சுச் சூளையில் சூடேறியதும் காவல் நீங்கும். ஐசோசயனேட்டு தன் தொழிலைச் செய்யும்.

எத்துணைச் சூட்டிற் காவல் நீங்கும் என்பது காவற்பொருளைப் பொறுத்தது. காப்ரோலாக்டம் ஏறக்குறைய 160 முதல் 180 டிகிரி சென்டிகிரேடு வரை வேண்டும்; ஆக்சைம் வகை 140-ஐ ஒட்டியும், டைமெத்தில் பைரசோல் 120-ஐ ஒட்டியும் விலகும்; மலோனிக் எஸ்டர் வகை அதனினும் குறைந்த சூட்டிலே வேலை செய்யும். சென்னைப் பல்கலைக்கழகத்துக் கிண்டி வளாகத்திலும் இத்துறையில் ஆராய்ச்சிகள் நிகழ்ந்துள்ளன. சூடு குறையின் எரிபொருட் செலவு குறையும். மரமும் பிளாஸ்டிக்கும் உருக்குலையாமற் பூச்சுப் பெறும். சிறு பட்டறைக்காரர்க்கு இது பெருநன்மை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், எளிதில் விலகும் காவல் எளிதில் ஏமாறும் காவலுமாம். சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ்க் கிடக்கும் பூச்சு, சூளையைக் காணுமுன்னரே தடித்துப் பாழாதல் கூடும். குளிர்நாட்டுப் பண்டசாலைக்கு ஏற்றது நம் விழுப்புரத்து வெயிலுக்கும் ஏற்றதாதல் ஒருதலையன்று.

இதனினும் பெரியது பிறிதொன்று. விலகிய காவற்பொருள் எங்கே செல்கின்றது? பெரும்பகுதி ஆவியாய்ச் சூளையினின்று வெளியேறுகின்றது. பலகாலம் வழங்கிய மெத்தில் எத்தில் கீட்டாக்சைம் என்பதனைப் புற்றுநோய் விளைக்கத்தக்கதென ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் வகுத்தது. 1984-இல் போபால் நகரில் ஆயிரக்கணக்கானோர் உயிரைக் கவர்ந்த மெத்தில் ஐசோசயனேட்டும் இவ்வினத்ததே. பூச்சில் வழங்குவன அதனைப்போல் விரைந்து ஆவியாவன அல்ல. எனினும் அவற்றைத் தொடர்ந்து சுவாசிக்குந் தொழிலாளர்க்கு ஆஸ்துமா நேர்தல் கூடும்.

ஆகவே, காவற்பொருளைத் தேர்வோர் மூன்று வினாக்களை வினவுதல் வேண்டும்: எவ்வளவு சூட்டில் விலகும்? நம் வெயிலில் எத்தனை நாள் பொறுக்கும்? விலகியபின் யார் மூச்சிற் கலக்கும்? முதல் வினாவிற்கு விடை விலைப்பட்டியலிலே கிடைக்கும். ஏனையவற்றிற்கும் விடை பெறாமல் வாங்குதல் அறிவுடைமையன்று.

தமிழ் பயிலும் எமக்கு இதில் என் வேலை எனச் சிலர் நகைக்கலாம். சூளையருகே நிற்பவன் தமிழன். பீப்பாயின்மீதுள்ள எச்சரிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலம். தான் படிக்கவியலாத எச்சரிக்கை அவனைக் காவாது. இரசாயனம் கற்கும் நண்பர்கள் பொருளுரைக்க, யாம் சொல்லமைத்து, அவ்வெச்சரிக்கைகளைத் தெளிதமிழில் ஆக்குதல் நம் கல்லூரியிலேயே தொடங்கத்தக்க பணியாம். ஐசோசயனேட்டிற்குக் காவல் தேடும் அறிவு, அதனைக் கையாளும் மனிதனுக்கும் காவல் தேடுக.