தட்டுகள் மூன்று, பொறுமை ஒன்று

இழந்தவர்க்கே பத்திரத்தின் அருமை தெரியும். 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரிலே வன்னிப் பெருநிலத்துக் குடும்பங்கள் பல, காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், கலியாணப் படம் யாவற்றையும் பறிகொடுத்தன. பின்னர் அரிதின் முயன்று பெற்ற பிரதிகளைக் கணினியிலே சேமித்து வைப்போர் நம்மிடையே உளர். அச்சேமிப்பு ஒருநாள் திறவாது நின்றுவிட்டால் யாது செய்வது?

பல வன்தட்டுகளை ஒன்றாய்ப் பிணைத்துச் சேமிக்கும் முறைக்கு ‘ரெயிட்’ என்று பெயர். 1988இல் பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்னும் பேர்க்கிளிப் பல்கலைக்கழக அறிஞர் மூவர் இதனை ஒரு கட்டுரையில் விளக்கினர். அதன் 5ஆம் வகையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு தட்டில் 5, மற்றதில் 7 எனின், மூன்றாவதில் 12 எழுதப்படும். ஒரு தட்டுப் பழுதானால், எஞ்சிய இரண்டும் அதில் இருந்ததைச் சொல்லிவிடும். கணினி உண்மையில் ஒற்றை இரட்டை பார்க்கிறதேயன்றிக் கூட்டுவதில்லை. ஆயினும் கருத்து ஒன்றே.

எழுதும் வேளையில் மின்சாரம் நின்றதென்க. 5 என்பது 6 ஆயிற்று. 12 மட்டும் 13 ஆகவில்லை. அப்போது இரண்டாந் தட்டும் பழுதாயின், 7க்குப் பதிலாக 6 என்னும் பொய்விடை கிடைக்கும். இவ்வையத்தினாலேயே லினக்ஸ் அத்தொகுதியை இயக்க மறுக்கிறது. அது சேமிப்பின் மரணமன்று, எச்சரிக்கை.

முதற்கண், தட்டுகளில் எதனையும் எழுதற்க. ‘எம்டிஅட்ம்’ என்னும் கருவியின் ‘எக்ஸாமின்’ கட்டளையால் ஒவ்வொரு தட்டின் நிகழ்வெண்ணையும் குறித்துக்கொள்க. எண்ணில் சிறிதே பின்தங்கிய தட்டைச் சேர்க்கலாம். மிகப் பின்தங்கியது பழங்கதையே கூறும், அதனை விலக்குக. வாசிக்கத் தடுமாறும் தட்டை வேறொரு தட்டிற்குப் பிரதி செய்து, மூலத்தைக் கழற்றி வைத்து, பிரதியையே பயன்படுத்துக.

பின்பு அரைகுறையாய் நிற்கும் தொகுதியை நிறுத்தி, ‘அசெம்பிள்’, ‘ஃபோர்ஸ்’ என்பவற்றால் மீண்டும் இணைக்குக. திறந்ததும், வாசிப்புக்கு மட்டும் எனக் கட்டுப்படுத்தி, வேண்டியவற்றை வெளியே பிரதி எடுக்குக. அதன் பின்னரே புதுத்தட்டைச் சேர்த்தல் தகும்; அது நிரம்பப் பல மணி நேரம் செல்லும். அவசரத்தில் ‘கிரியேற்’ கட்டளையை இடுவோர், தட்டுகளின் வரிசை பிழைத்து, உள்ளதையும் இழப்பர்.

நேயர்களே, ஒரே பெட்டியில் உள்ள மூன்று தட்டுகளும் ஒரே மின்னலுக்கு இரையாகலாம். தவறி அழித்த படம் மூன்றிலிருந்தும் ஒருங்கே மறையும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் சூழ்ந்த வெள்ளம் வீட்டிலிருந்த பொருளைத் தேர்ந்து பார்த்து நனைக்கவில்லை. ஆதலால் இன்னொரு பிரதியை வேறூரில் வாழும் உறவினர் வீட்டில் வைத்திருங்கள். ஆண்டுக்கொருமுறையேனும் அதனைத் திறந்து பாருங்கள்.