தூண்டில்காரரையும் கேளுங்கள்

“ஆத்துல மீன் பிடிக்கிறதுக்குமா சட்டம்?” என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். அவர்களைச் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அப்படி ஒதுக்கிவிடக் கூடாது. அதே வேளையில் அவர்கள் சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் கூடாது. இதையே இக்கட்டுரையின் வழி நான் சொல்ல விழைகிறேன்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். நம் நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் ஈயக்குட்டைகளிலும் இன்று நீந்தும் மீன்களில் பல இந்த மண்ணின் மீன்கள் அல்ல. நாம் பொரித்துச் சாப்பிடும் திலாப்பியா ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1940களில், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இங்கு வந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தி 1980களில் பண்ணை வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. மீன்தொட்டியின் பாசியைத் தின்று துப்புரவு செய்வதால் ‘ஈக்கான் பண்டாராயா’ என்று மாநகராட்சியின் பெயரையே பெற்றுவிட்ட மீனின் தாயகம் தென்னமெரிக்கா. கடையில் வாங்கும்போது அது விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும், கொல்லவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் அருகிலுள்ள வாய்க்காலில் விட்டுவிடுகிறார்கள். உடம்பெல்லாம் கவசம் போன்ற தகடுகள் கொண்ட அதனை விழுங்கத் துணியும் மீன்கள் இங்கு மிகக் குறைவு. முட்டையிடுவதற்காக அது கரையைக் குடைகிறது. கரை மெல்ல மெல்லச் சரிகிறது. வலையில் சிக்கினால் வலையும் கிழிகிறது.

இவற்றோடு, தூண்டில் பிரியர்களின் செல்லப்பிள்ளையான பீகாக் பாஸ் மீனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாலில் மயிற்பீலியின் கண் போன்ற புள்ளியுடைய இம்மீன் அமேசான் பகுதியிலிருந்து வந்தது. எங்கள் பேராக் மாநிலத்தில் ஆயர் கூனிங், செண்டேரோ போன்ற நீர்நிலைகளில் அது நன்றாகவே வேரூன்றிவிட்டது. தூண்டிலைப் பிடித்துக்கொண்டு அது போராடும் வேகத்திற்காகவே தொலைவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் இருக்கிறது. பிரான்ஹா போன்ற சில மீன்களை நாட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்ற தடையும் இருக்கிறது. ஆனால், நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி, ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. ஆகவே ஆற்றுக்கான விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடலாம். பெர்னாம் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரை பேராக், மறு கரை சிலாங்கூர். நடுவில் நீந்தும் மீனுக்கு எந்த மாநிலத்துச் சட்டம் என்று யாரால் சொல்ல முடியும்?

கடந்த விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, தூண்டில் போடும் பலரிடம் இதைப் பற்றிப் பேசினேன். லாரி ஓட்டுநரான என் தந்தையும் அவர்களுள் ஒருவர். அவர்கள் சொன்னவற்றை நான்கு கருத்துகளாகத் தொகுக்கலாம்.

முதலாவது, சட்டம் ஏன் எப்போதும் கடைசி ஆளையே பிடிக்கிறது என்ற கேள்வி. மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் ஓர் அண்ணன் இப்படிச் சொன்னார்: “மீனைக் கொண்டாந்து வித்தவனுக்கு லைசன்ஸ் இருக்கு. வாங்கி வளத்து ஆத்துல விட்டவன் யாருன்னே தெரியாது. கடைசியில கரையில குந்தியிருக்கிற என்னைத்தானே தம்பி வந்து கேப்பாங்க?”

இரண்டாவது, ஆற்றைக் கெடுத்தது மீனா, மனிதனா என்பது. தொழிற்சாலைக் கழிவு, மணல் தோண்டுதல், காடழிப்பு ஆகியவற்றை விட்டுவிட்டு மீனைக் குறை சொல்வதா என்று பலரும் கேட்டார்கள். 2019 மார்ச் மாதத்தில் பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை.

மூன்றாவது, பிழைப்பு. பீகாக் பாஸ் பிடிக்க வருவோருக்குப் படகு ஓட்டி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். தூண்டில் கடை, சாப்பாட்டுக்கடை, தங்கும் விடுதி என்று அந்த ஒரு மீனை நம்பிப் பல அடுப்புகள் எரிகின்றன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1984இல் அரசாங்கமே இம்மீனைக் கால்வாய்களில் விட்டதை இவர்களில் ஒருவர் எனக்கு எடுத்துக் காட்டினார். அது உண்மைதான்.

நான்காவது என் தந்தை சொன்னது. “கெலா மீன் பிடிக்கப் போறவன் படகுக்கும் தங்குறதுக்கும் காசு கட்டிப் போறான். நமக்குக் கிடைக்கிறது பாரிட்டுல இருக்கிற கெளுத்தியும் திலாப்பியாவும்தான். அதுக்கும் நாளைக்கு ஒரு பாரம் நிரப்பு, இத்தனை வெள்ளி கட்டுன்னு வந்துட்டா?” என்றார். விதி என்ற பெயரில் எது வந்தாலும் அது ஒரு கட்டணத்தில்தான் முடியும் என்பது அவர் அச்சம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் வெறும் பொழுதுபோக்கு அன்று. மாதக் கடைசியில் குழம்புச் சட்டியை நிரப்பியதும் அதுதான்.

இக்கருத்துகளை நான் எப்படிப் பார்க்கிறேன்?

முதல் கருத்து முற்றிலும் நியாயமானது. விற்கும் இடத்தில் கட்டுப்பாடு இல்லாமல் பிடிக்கும் இடத்தில் கட்டுப்பாடு விதிப்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது பாதி நியாயம். ஆற்றை முதலில் கெடுத்தது மனிதன்தான். ஆனால், கெட்ட நீரும் அந்நிய மீனும் ஒன்றுக்கொன்று துணை என்பதை நாம் கவனிக்க வேண்டும். தெளிந்து ஓடும் நீரில் வாழ்ந்து பழகிய கெலா, அழுக்கு நீரில் தாக்குப்பிடிக்காது. திலாப்பியாவும் பண்டாராயாவும் தாக்குப்பிடிக்கும். கழிவு, உள்ளூர் மீனை விரட்டுகிறது. காலியான வீட்டில் அந்நிய மீன் குடியேறுகிறது. பின்னர் ஆற்றைச் சுத்தம் செய்தாலும் பழைய மீன் திரும்பி வருவதற்கு இடமிருக்காது. ஆகவே ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறக்க முடியாது.

மூன்றாவது கருத்தில்தான் நான் மாறுபடுகிறேன். புளோரிடாவில் அம்மீனை விட்டவர்கள், முன்பே அங்கு பெருகிவிட்ட வேறு அந்நிய மீன்களைக் கட்டுப்படுத்துவதையும் நோக்கமாகக் கொண்டிருந்தார்கள். அதைவிட முக்கியமானது, அங்கு இயற்கையே ஒரு வேலி போட்டிருக்கிறது. நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் பீகாக் பாஸ் பிழைக்காது. எனவே வடக்கே குளிர்காலம் அதைத் தடுத்துவிடுகிறது. நம் நாட்டுத் தாழ்நில ஏரிகளில் அப்படியொரு குளிர் என்றுமே வருவதில்லை. நாம் ஒப்பிட வேண்டியது புளோரிடாவை அன்று, பனாமாவை. அங்குள்ள காத்துன் ஏரியில் 1960களின் பிற்பகுதியில் இதே இனம் புகுந்தது. சில ஆண்டுகளுக்குள் அங்கு சாதாரணமாகக் காணப்பட்ட சிறு மீன்களில் பெரும்பாலானவை இல்லாமல் போயின என்று 1973இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் அறிவியலாளர்கள் எழுதினார்கள். அச்சிறு மீன்களை உண்டு வாழ்ந்த பறவைகளும் குறைந்தன. கொசுப்புழுவைத் தின்னும் மீன்கள் மறைந்ததால் கொசுவைப் பற்றிய கவலையும் எழுந்தது. தமிழ்ப்பள்ளியில் ‘உணவுச் சங்கிலி’ என்றும் இடைநிலைப்பள்ளியில் ‘ரந்தாயான் மாக்கானான்’ என்றும் இருமுறை படித்த பாடம் இதுதான். தேர்வுக்காக அம்புக்குறி போட்டோம். அந்த அம்புக்குறியில் ஒன்று அறுந்தால் என்ன நடக்கும் என்பதைக் காத்துன் ஏரி காட்டுகிறது. ‘வந்த வெள்ளம் நின்ற வெள்ளத்தையும் அடித்துக்கொண்டு போனதாம்’ என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. இன்று படகுக்காரருக்குச் சோறு போடும் மீன், நாளை வலைக்காரரின் விராலையும் கெண்டையையும் தின்றுவிட்டால் அந்தக் கணக்கை யார் தீர்ப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிடித்த மீனை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவது நல்ல தூண்டில்காரனின் பண்பு என்று இன்று பலர் நம்புகிறார்கள். கெலாவுக்கு அது மிகவும் பொருந்தும். ஆனால், பீகாக் பாஸையும் அதே அன்போடு முத்தமிட்டுத் திரும்ப விடுவது எந்த வகை இயற்கை நேசம்? உயிரோடு பையில் போட்டு, இன்னொரு குட்டையில் கொண்டுபோய் விடுபவர்களும் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு பக்கத்திலேயே பிடிக்கலாம் என்ற ஆசை. இந்த ஒரு செயலைத்தான் சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்க வேண்டும். இதற்கு ஏழ்மையையோ பிழைப்பையோ காரணம் காட்ட முடியாது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. இம்மீன்களை ‘வந்தேறி’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இந்நாட்டில் அச்சொல் நம்மைச் சுட்ட சொல். “வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்றை வெறுக்கலாமா?” என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. மனிதரையும் மீனையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதே என் பதில். மனிதன் வந்த மண்ணின் சட்டத்தை அறிந்து, உழைத்து, அந்த மண்ணை வளப்படுத்த முடியும். இரயில் பாதையும் ரப்பர்த் தோட்டமும் அதற்குச் சான்று. மீனுக்கு அந்த அறிவு இல்லை. அதன்மேல் குற்றமும் இல்லை. நம் ஊர் விரால் இனமே அமெரிக்காவில் அந்நிய மீன்தான். 2002 முதல் அவ்வினத்தை உயிரோடு அந்நாட்டுக்குள் கொண்டுவரத் தடை உள்ளது. இங்கு பத்தியச் சாப்பாடாகும் மீன் அங்கு ஆபத்து. எந்த மீனும் பிறவியிலேயே கெட்டதில்லை. அதை இடம் மாற்றிப் போட்ட கைதான் பொறுப்பேற்க வேண்டும்.

அப்படியானால் எப்படிப்பட்ட விதிகள் வேண்டும்? என் தந்தையின் அச்சத்தை மனத்தில் வைத்தே சொல்கிறேன். கைத்தூண்டிலுக்குக் கட்டணம் வேண்டாம். மீன் பிடிப்பது குற்றமாகக் கூடாது. அந்நிய மீனை உயிரோடு இடம் மாற்றுவதும், பிடித்தபின் திரும்ப விடுவதுமே குற்றமாக வேண்டும். பெரிதாக வளரும் மீன்களை விற்கும் கடைகள், வேண்டாம் என்று வருபவரிடமிருந்து அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அராபைமா போன்ற இராட்சத மீன்களை வளர்க்கும் கட்டணக் குளங்கள், வெள்ளக் காலத்தில் கரை உடையாதவாறு கட்டப்பட வேண்டும். புண்ணியம் கருதி மீனை ஆற்றில் விடுபவர்களுக்கு, எந்த மீனை எங்கே விடலாம் என்று வழிபாட்டு இடங்களிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் குறித்த இடங்களில் மட்டுமே, அதுவும் செயற்கை இரை கொண்டு மட்டுமே, தூண்டில் போட முடியும். அவ்வளவு கட்டுப்பாடு நம் ஆறுகளுக்குப் பொருந்துமா என்பது ஐயமே. ஆனால், மிஞ்சிய உயிர் இரையை நீரில் கொட்டாதே என்று சொல்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கரையில் ஒரு பலகை போதும். அதில் மீனின் படமும், மலாய், சீனத்தோடு நான்கு வரித் தமிழும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விதியை எழுதும் மேசையில் தூண்டில்காரருக்கு ஒரு நாற்காலி வேண்டும். இது நடக்காத கனவு அன்று. சபா மாநிலத்தில் ‘தாகால்’ என்ற முறை இருக்கிறது. ஆற்றின் எந்தப் பகுதியில் எப்போது மீன் பிடிக்கலாம் என்பதை ஆற்றோரக் கிராமத்தாரே முடிவு செய்கிறார்கள். மீறுபவருக்கு அவர்களே அபராதம் விதிக்கிறார்கள். 2003ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் அதற்குத் துணை நிற்கிறது. தாங்கள் எழுதிய விதியை மக்கள் தாங்களே காக்கிறார்கள். இலாகா அதிகாரிகள் எத்தனை பேர் இருந்தாலும் எல்லாக் குட்டைகளையும் சுற்றிவர முடியாது. தூண்டில்காரரோ விடியும் முன்னே அங்கு இருக்கிறார். எந்தக் குட்டையில் எந்த மீன் புதிதாகத் தலைகாட்டுகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அவரைக் குற்றவாளியாகப் பார்த்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். காவலராகப் பார்த்தால் அந்த அறிவு நாட்டுக்குப் பயன்படும்.

இறுதியாக, இதைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பருவம் முடிந்து அறையைக் காலி செய்யும் நாளில், மேசை மேலிருக்கும் சிறு தொட்டியை என்ன செய்வது என்ற கேள்வி உங்களில் சிலருக்கு வரும். வளாக ஏரி பக்கத்தில்தான் இருக்கும். விட்டுவிட்டால் அதுவும் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றும். பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கலே. அதைக் கடைக்காரரிடம் கொடுங்கள், இளையவர் ஒருவரிடம் கொடுங்கள், ஊருக்கு எடுத்துச் செல்லுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.