தரம் 5 புலமைப்பரிசில் வகுப்புகளும் பரிசளிப்பும்: எமது சனசமூக நிலையத்தின் நிலைப்பாடு

விசேட பொதுக்கூட்டத்தின் தீர்மானம் பற்றி ஊரிலும் புலம்பெயர் உறவுகளிடையேயும் பலவிதமாகப் பேசப்படுகிறது. ‘பிள்ளைகளின் படிப்பை நிலையம் குழப்புகிறது’ என்றுகூடச் சொல்லியாயிற்று. அதனாலேயே இந்த அறிக்கை.

தீர்மானம் இதுதான். கட்டணம் வாங்கி நடத்தும் புலமைப்பரிசில் வகுப்புகளுக்கு மண்டபம் இனி வழங்கப்படாது. தரம் 3, 4 பிள்ளைகளுக்கு இலவசமாக நடத்தினாலும் அனுமதி இல்லை. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்களுக்கு மட்டுமான பாராட்டு விழாவும், நிலையத்தின் சுவரில் அவர்களுடைய படம் போட்ட பனரும் இனி இல்லை.

புலமைப்பரிசில் பரீட்சையே வேண்டாம் என்பது சிலரின் கருத்து. கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய கல்லூரிக்குப் போக கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் திறந்த வழியை அடைக்கக் கூடாது என்பது வேறு சிலரின் கருத்து. இரண்டிலும் நியாயம் இருப்பதாகச் செயற்குழு கருதுகிறது. இவ்விடயத்தில் நிலையம் தற்போதைக்கு எந்த நிலைப்பாடும் எடுக்கவில்லை. 2024 இல் இப்பரீட்சையின் வினாக்கள் கசிந்து, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், பிள்ளைகள் பெறுபேற்றுக்காக அடுத்த ஜனவரிவரை காத்திருந்ததையும் இங்கு பதிவு செய்கிறோம்.

பனர் விடயத்தில் மட்டும் செயற்குழுவில் இரு கருத்து இல்லை.

ஆண்டுதோறும் நாடு முழுவதும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்பரீட்சை எழுதுகிறார்கள். உதவிப்பணம் கிடைப்பது சுமார் 20,000 பேருக்கு. அதற்கும் குடும்ப வருமான வரம்பு உண்டு. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறும். இரண்டு தாள்களிலும் 35க்கு மேல் எடுத்த பிள்ளையை, மாவட்ட வெட்டுப்புள்ளியை எட்டவில்லை என்பதற்காக ‘பெயில்’ என்று சொல்வது எந்தச் சுற்றறிக்கையில் உள்ளது? எங்கள் ஊர் வாயில்தான் உள்ளது. பத்து வயதுப் பிள்ளையை மறித்து “எத்தனை எடுத்தனி?” என்று கேட்காத பெரியவர் இந்த ஊரில் எத்தனை பேர்? போன முறை பெறுபேறு வந்த மறுநாளே நிலையத்தின் வாசிகசாலைச் சுவரில் பனர் ஏறியது. ஒரே பாயில் இருந்து படித்த பிள்ளைகளில் சிலருடைய படம் மட்டும், புள்ளியோடு, வகுப்பு நடத்திய மாஸ்டரின் தொலைபேசி இலக்கத்தோடு. அது பாராட்டா, விளம்பரமா? வாசிகசாலையின் இரவல் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். பரீட்சைக்கு முன் கிழமைக்கு இரண்டு கதைப்புத்தகம் கொண்டுபோன பிள்ளைகளின் பெயர்கள் பெறுபேறு வந்த மாதத்தோடு நின்றுவிட்டன. படம் வராத பிள்ளைகள் அவர்கள். பனர் தொங்கும் வாசலால் அந்தப் பிள்ளை எப்படி உள்ளே வரும்? இதைச் செய்தது ரியூட்டரி மட்டுமல்ல, சுவரைக் கொடுத்த முன்னைய நிர்வாகமும்தான் என்பதைக் குறிப்பிடுகிறோம்.

வெட்டுப்புள்ளி தாண்டியவர்களுக்கு மட்டும் சைக்கிள் என்ற நிபந்தனையோடு பணம் அனுப்பிய அன்பர்களுக்கு எமது நன்றி. நிபந்தனையை மீள்பரிசீலிக்குமாறு அன்புடன் கேட்கிறோம். மறுத்தால் பணத்தைத் திருப்பி அனுப்புவோம்.

வகுப்பை நிறுத்தினால் வசதியற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானது. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இதுவரை எங்கே இருந்தார்கள் என்ற கேள்வியும் நியாயமானது. இனி சனிக்கிழமை காலைகளில் தரம் 5 பிள்ளைகளுக்கு இலவசமாக உதவி வழங்கப்படும். ஊரின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் இணங்கியிருக்கிறார்கள். கடந்தகால வினாத்தாள்களை நிலையமே பிரதி எடுத்துக் கொடுக்கும். முதலாம் தாளில் ஒரு மணித்தியாலத்தில் நாற்பது வினா, அதாவது ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். நேரம் பார்த்துச் செய்யும் பழக்கம் பிள்ளைக்குத் தேவைதான். அதற்குக் கிழமைக்கு ஒரு தாள் போதும் என்பது அந்த ஆசிரியர்களின் அனுபவம். பிழைத்த வினாவை மறுநாள் பிள்ளையே திரும்பச் செய்து பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு நாளுக்கு மூன்று மாதிரித்தாள் செய்விப்பதால் மாதிரித்தாள் அச்சடிப்பவருக்கே இலாபம். இரண்டாம் தாளுக்கு வாசிப்பும் எழுத்தும் கைகொடுக்கும். அலுமாரியில் புத்தகம் இருக்கிறது. பரீட்சைக்கு முந்திய சில நாட்களில் வகுப்பும் கருத்தரங்கும் நடத்தக் கூடாதென்று பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடை விதிக்கிறது. அந்த நாட்களில் வீட்டில் இரகசிய வகுப்பு வைக்க வேண்டாமெனப் பெற்றாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

பரிசளிப்பு இனி ஆண்டிறுதியில், பரீட்சைக்குத் தோற்றிய அனைவருக்கும் சேர்த்து நடைபெறும். புள்ளிகள் வாசிக்கப்படமாட்டா. பரிசு புத்தகமா, பாடசாலைப் பையா என்பது பின்னர் தீர்மானிக்கப்படும்.

மண்டபத்தில் உள்ள தமது கரும்பலகைகளையும் வாங்குகளையும் வகுப்பு நடத்தியவர்கள் இம்மாத முடிவுக்குள் எடுத்துச் செல்ல வேண்டும். அதன் பின்னர் நிலையம் அவற்றுக்குப் பொறுப்பல்ல. பனர் ஏற்கெனவே கழற்றப்பட்டுவிட்டது. வேண்டியவர் பொருளாளரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

செயற்குழு